மாடிக்கு ஒரு தெர்மோஸ்டாட்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முடிஞ்சது. ரிப்போர்ட்டுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கைடு மேடம்கிட்ட கையெழுத்து வாங்கி, டிபார்ட்மென்ட்ல கொடுத்தாச்சு. மொத்தம் 62 பக்கம். சர்க்யூட் படம் இருக்கு, கிராஃப் இருக்கு, எல்லாம் நல்லபடியா வேலை செய்யுதுன்னு ஒரு முடிவுரையும் இருக்கு. நனைஞ்சுபோன 14 சுங்குடிச் சேலையைப் பத்தி மட்டும் ஒரு வரிகூட இல்ல. அதை இங்க எழுதுறேன்.

முன்னாடியே சொல்லிடுறேன். நான் எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல பரீட்சைக்கு வெளியே இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. எழுத்துப்பிழை இருந்தா எடிட்டர் திருத்தியிருப்பார். திருத்தாம விட்டிருந்தா அது அவர் பொறுப்பு.

கதை நடந்த இடம் ராஜபாளையத்துல ஒரு ஜவுளிக்கடை. பேரு வேண்டாம். கீழ்த்தளத்துல சட்டை, வேட்டி, ரெடிமேடு. மாடியில சேலை. கீழ பின்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு சின்ன ரூம், அதுல அண்ணாச்சி. எங்க டீம்ல ஒருத்தனோட மாமா அங்க கணக்கு எழுதுறார். "ஏசி போட்டும் மாடியில வேகுதுப்பா. உங்க படிப்புல இதுக்கு ஏதாச்சும் வழி உண்டா?"ன்னு அவர்தான் கேட்டார். ப்ராஜெக்ட் டைட்டில் கிடைக்காம நாங்க நாலு பேரும் அலைஞ்சுகிட்டு இருந்த நேரம். கிருஷ்ணன்கோவில்ல பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்கி, அதைத் தின்னுகிட்டே போய்ச் சேர்ந்தோம்.

கடையில இருந்தது 11 டன் டக்டபிள் ஏசி. இங்க டன்னுன்னா எடை இல்ல. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்துல உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்குமோ, அந்த வேகம்தான் ஒரு டன். சுமார் 3.5 கிலோவாட். மெஷின் மாடியில ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல உக்காந்திருக்கு. அதுல இருந்து ஒரு டக்ட் மாடிக்கு, ஒண்ணு கீழ்த்தளத்துக்கு, சின்னதா ஒரு கிளை அண்ணாச்சி ரூமுக்கு. மூணு இடத்துக்கும் சேர்த்து தெர்மோஸ்டாட் ஒண்ணே ஒண்ணு. அது எங்க இருந்திருக்கும்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. அண்ணாச்சி ரூம்ல.

இதனால என்ன ஆகும்னு பாருங்க. அவர் ரூம் சின்னது, வெயிலும் படாது. பத்து நிமிஷத்துல குளிர்ந்திடும். தெர்மோஸ்டாட் "போதும்"னு கம்ப்ரஸரை நிறுத்திடும். மாடி அப்படியில்ல. தலைக்கு மேல மொட்டை மாடி கான்க்ரீட், நாள் பூரா வெயில் குடிச்சு நிக்கும். அங்க யாரும் "போதும்"னு சொல்லல, ஆனா ஏசி நின்னுபோச்சு. சரின்னு அண்ணாச்சி ரிமோட்ல 20 வச்சார். அவருக்கே குளிர் தாங்கல. தன் ரூம் கிரில்ல தெர்மாகோல் வச்சு அடைச்சுட்டார். (தெர்மாகோல்னதும் வைகை அணை ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.) இப்ப அவர் ரூம் 20-க்கு வரவே வராது. வராததால தெர்மோஸ்டாட் மெஷினை நிறுத்தவும் நிறுத்தாது. கீழ்த்தளத்துல ஆட்கள் நடுங்க, மாடியில வேர்க்க, கரண்ட் பில் மட்டும் ஏறிக்கிட்டே போச்சு.

முதல் நாள் சாயங்காலம் 4 மணிக்கு நாங்க எடுத்த ரீடிங்: அண்ணாச்சி ரூம் 22, கீழ்த்தளம் 24, மாடி 31. ஒரே மெஷின், ஒரே கடை, 9 டிகிரி வித்தியாசம்.

இதுக்கு மருந்து புத்தகத்துல இருக்கு. ஸோனிங்னு பேரு. இருக்குற மெஷினை மாத்த வேண்டாம், இருக்குற டக்ட்டையும் பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு கிளையிலயும் மோட்டார் வச்ச ஒரு டாம்பர், அதாவது காத்தைத் திறந்து மூடுற தகடு. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சென்சார். நடுவுல ஒரு கண்ட்ரோலர். எந்த இடம் சூடா இருக்கோ அந்த டாம்பர் திறக்கும், குளிர்ந்த இடத்தோட டாம்பர் மூடும். கேக்க எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க. எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

லிட்டரேச்சர் சர்வேக்காகத் தேடுனப்போ ரெண்டு விஷயம் சிக்குச்சு. ரெண்டுமே நம்மளுக்குப் பக்கத்துல இருக்குற விஷயம்.

ரூமுக்கு ரூம் தெர்மோஸ்டாட் வைக்கிற யோசனை பிறந்தது ஒரு வகுப்பறையில. வாரன் ஜான்சன்னு அமெரிக்காவுல, விஸ்கான்சின் மாநிலத்துல ஒரு ஆசிரியர். அந்தக் காலத்துல கல்லூரியோட காவலாளி ஒவ்வொரு வகுப்பா நுழைஞ்சு, சூடா இருக்கா குளிரா இருக்கான்னு பார்த்துட்டு, கீழ பேஸ்மென்ட்டுக்குப் போய் டாம்பரைத் திருப்புவார். பாடம் நடக்கும்போது ஆள் வந்து வந்து போறது ஜான்சனுக்குப் பிடிக்கல. ரூம்லயே ஒரு கருவி, கீழ காவலாளிக்கு ஒரு மணி, இப்படி ஒரு ஏற்பாடு செஞ்சு 1883-ல பேட்டன்ட் வாங்கினார். 1895-ல காத்தழுத்தத்துல இயங்குற, ரூம் ரூமா வெப்பநிலையைக் கட்டுப்படுத்துற முறைக்கும் பேட்டன்ட் வாங்கினார்.

இன்னொண்ணு, ஏசியே மனுஷனுக்காகப் பிறக்கல. 1902-ல வில்லிஸ் கேரியர் முதல்ல டிசைன் போட்டது புரூக்ளின்ல இருந்த ஒரு அச்சகத்துக்கு. ஈரப்பதம் கூடினா காகிதம் விரியும், குறைஞ்சா சுருங்கும், ஒரு கலர் மேல அடுத்த கலர் சரியா உக்காராது. எங்க டீம்ல சிவகாசிக்காரன் ஒருத்தன் இருக்கான். இதைப் படிச்சதும், "எங்க ஊர்ப் பிரச்சினைக்குத்தான்டா ஏசியே கண்டுபிடிச்சிருக்காய்ங்க"ன்னு ரெண்டு நாள் சொல்லிக்கிட்டே திரிஞ்சான். அவன் வாயை மூட எனக்கு ஒரு பாயின்ட் கிடைச்சது. 'ஏர் கண்டிஷனிங்'ங்கிற பேரையே 1906-ல வச்சவர் ஸ்டூவர்ட் கிரேமர். அவர் நூற்பாலைகளுக்காக வேலை செஞ்ச இன்ஜினியர். நூற்பாலைன்னா ராஜபாளையம். 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினதுல இருந்து இந்த ஊரு பஞ்சுலயும் நூல்லயும் வளர்ந்த ஊரு. எங்க அப்பாவும் இந்தப் பக்கத்துல ஒரு மில்லுலதான் 22 வருஷமா இருக்கார். ஹியூமிடிட்டி பிளான்ட்ல ஃபிட்டர்.

அப்பா என்ன வேலை பாக்குறார்னு ஸ்கூல்ல கேட்டா "மில்லுல"ன்னு மட்டும் சொல்லுவேன். ஹியூமிடிட்டி பிளான்ட்னா என்னன்னு எனக்கே சரியா தெரியாது. அவர் செய்றதும் நான் படிக்கிறதும் ஒரே பாடம்னு நாலாவது வருஷம் வரைக்கும் தோணவே இல்ல. ப்ராஜெக்ட் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. மைக்ரோ கண்ட்ரோலர், ஆப், கிளவுட்னு பேசுற வேலையில அவருக்கு என்ன தெரியப்போகுதுன்னு நினைச்சேன். இதை எழுதுறப்போ வெக்கமா இருக்கு.

அண்ணாச்சி பொருள் வாங்க 25,000 ரூபாய் கொடுத்தார். லேத் பட்டறையில சொல்லி மூணு டாம்பர் செஞ்சோம், மோட்டார் மாட்டினோம். மூணு இடத்துல சென்சார், ஒரு ஈஎஸ்பி32 போர்டு, ரிலே. போன்ல பாக்க ஒரு டேஷ்போர்டு. மூணு வட்டம், மூணு நம்பர், பச்சை, மஞ்சள், சிவப்பு. அது ரொம்ப அழகா இருந்துச்சு. ப்ராஜெக்ட்லயே நாங்க அதிக நேரம் செலவழிச்சது அந்த வட்டத்துக்குக் கலர் தேர்ந்தெடுக்கத்தான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஓட விட்டோம். கடையில கூட்டம் இல்ல. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார், அவர் ரூம் குளிர்ந்திருந்தது, டாம்பர் மூடிச்சு. கீழ்த்தளம் 25-க்கு வந்தது, அதுவும் மூடிச்சு. மாடி மட்டும் திறந்திருக்கு. டக்ட்டுக்குள்ள இருந்து "உய்ய்"னு ஒரு விசில் சத்தம். "காத்து எப்படிப் போகுது பாத்தியா"ன்னு ஒருத்தனுக்கு ஒருத்தன் கை கொடுத்துக்கிட்டோம். மாடி நம்பர் 31-ல இருந்து 29-க்கு இறங்குச்சு. வீடியோ எடுத்தோம்.

அரை மணி நேரம் கழிச்சு நம்பர் மறுபடி ஏற ஆரம்பிச்சது. 29.5, 30. மாடியில சேலை செக்‌ஷன் பாக்குற அக்கா ஒருத்தங்க வந்து, "தம்பி, காத்தே வரலையே"ன்னு சொன்னாங்க. "மெஷின் ஓடிக்கிட்டுதான் இருக்குக்கா. டாம்பர் 100 சதவீதம் திறந்திருக்கு, பாருங்க"ன்னு போனைக் காட்டினேன். அவங்க போனைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வந்து அதையே சொன்னாங்க. நானும் மறுபடி அதையே காட்டினேன்.

உள்ள நடந்தது இதுதான். அந்த 11 டன் மெஷினுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 4,400 கன அடி காத்து ஓடணும். டன்னுக்கு 400-ங்கிறது எல்லா ஏசி மெக்கானிக்குக்கும் தெரிஞ்ச கணக்கு. மாடி டக்ட் 1,700-க்குத்தான் செஞ்சது. மத்த ரெண்டு வழியையும் நாங்க அடைச்சுட்டோம். காயில் மேல போற காத்து பாதிக்கும் கீழ குறைஞ்சிடுச்சு. கம்ப்ரஸர் முழு வேகத்துல குளிரை அனுப்புது, அதை எடுத்துக்கிட்டுப் போகக் காத்து இல்ல. காயில் ஜீரோ டிகிரிக்குக் கீழ போச்சு. காத்துல இருந்த ஈரம் அதுமேல ஐஸாப் படிஞ்சது. ஐஸ் படிய படிய வழி இன்னும் அடைஞ்சது. காத்து குறையக் குறைய மாடி சூடாச்சு. மாடி சூடானதால எங்க கண்ட்ரோலர் "இன்னும் ஓட்டு, இன்னும் ஓட்டு"ன்னு சொல்லிச்சு. தப்புக்கு மேல தப்பு செய்யச் சொல்லி அதுக்கு நாங்களே கோட் எழுதிக் கொடுத்திருந்தோம்.

ரெண்டு மணி நேரத்துல மெஷின் ட்ரிப் ஆகி நின்னது. நின்னதும் ஐஸ் உருகத் தொடங்குச்சு. இவ்வளவு தண்ணி ஒரே நேரத்துல வரும்னு யாரும் அந்த ட்ரேயைச் செய்யல. வழிஞ்சது. ஃபால்ஸ் சீலிங் ஓரத்துல ஈரம் ஒரு மேப் மாதிரி பரவி, சொட்ட ஆரம்பிச்சது. நேர் கீழ சுங்குடி ரேக்.

அந்த அக்கா ஓடிவந்து ரெண்டு கையாலயும் சேலையை அள்ளினாங்க. நாங்க நாலு இன்ஜினியருங்க நின்னுக்கிட்டு இருந்தோம். 14 சேலை நனைஞ்சிருந்தது. சுங்குடி பருத்தி, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்துறது. சிலதுல சிவப்பு பக்கத்துல இருந்த மஞ்சள்ல இறங்கி, புள்ளி எல்லாம் கலைஞ்சு போச்சு.

அண்ணாச்சி மேல வந்தார். சேலையைப் பார்த்தார். முதல்ல கேட்டது, "இந்த செக்‌ஷன் யாரு பாக்குறது?"

அந்த அக்கா, "நான்தான் அண்ணாச்சி"ன்னாங்க. "தண்ணி சொட்டுற வரைக்கும் என்ன பாத்துக்கிட்டு இருந்த?"ன்னு அவர் கேட்டார். அக்கா பதில் சொல்லல. "காத்து வரலைன்னு ரெண்டு தடவை சொன்னேன், இந்தப் பையன் கேக்கல"ன்னு சொல்லியிருக்கலாம். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. ஈரச் சேலையைக் கையில வச்சுக்கிட்டு நின்னாங்க.

நானும் பதில் சொல்லல. ரிப்போர்ட்ல இல்லாத வரி இதுதான். வாயைத் திறந்து "எங்க தப்பு"ன்னு சொல்ல ஒரு செகண்ட் போதும். ப்ராஜெக்ட் போயிடுமோ, 25,000 ரூபாயைத் திருப்பிக் கேப்பாரோ, ரிவ்யூக்கு இன்னும் மூணு வாரம்தானே இருக்கு, இதெல்லாம் அந்த ஒரு செகண்டுக்குள்ள மண்டைக்குள்ள ஓடுச்சு. "மெஷின்ல ஏதோ பிரச்சினை போல அண்ணாச்சி, பாக்குறோம்"னு சொன்னேன். பொய் இல்ல. ஆனா உண்மையும் இல்ல.

ராத்திரி வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட சொன்னேன். ஐஸ் எப்படி வந்துச்சுன்னு கேப்பார்னு நினைச்சேன். "அந்தப் பிள்ளைக்குச் சம்பளத்துல பிடிப்பாங்களா?"ன்னு கேட்டார். தெரியாதுன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் சொன்னார்: "மில்லுல ஹியூமிடிட்டி இறங்கினா நூல் படபடன்னு அறும். அறுந்த நூலைச் சேக்கிறது சைடு பாக்குற பிள்ளைக. சூப்பர்வைசர் வந்து முதல்ல சத்தம் போடுறது அதுககிட்டதான். பிளான்ட் ரூம்ல உக்காந்திருக்குற என்னை யாரும் கேக்க மாட்டாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருநாள் நாசில் அடைச்சிருந்ததைப் பாக்காம விட்டுட்டேன். பேச்சு வாங்கினது ஒரு பிள்ளை. நான் சொல்லல. இப்ப வரைக்கும் அது முகம் ஞாபகம் இருக்கு. நீ நாளைக்குக் காலையில போய்ச் சொல்லிரு."

மறுநாள் காலையில கடை திறக்கும்போதே போனோம். அந்த அக்காவையும் வச்சுக்கிட்டே அண்ணாச்சிகிட்ட சொன்னோம். அவங்க சொன்னதை நாங்க காதுல வாங்கலைங்கிறதையும் சேர்த்துச் சொன்னோம். அண்ணாச்சி ரொம்ப நேரம் எதுவும் பேசல. அலசிக் காயப் போட்டதுல 9 சேலை தேறிடுச்சு. சாயம் இறங்கின 5 சேலைக்கு அடக்க விலை போட்டு 3,250 ரூபாய். ஆளுக்கு 800 சொச்சம். கொடுத்தோம். அந்த அக்கா சம்பளத்துல கை வைக்கல. "உங்க அப்பா மில்லுக்காரருன்னு மாமா சொன்னார். வந்து ஒரு தடவை பாக்கச் சொல்லு. அதுக்கப்புறம்தான் மெஷினைத் தொடணும்"னார் அண்ணாச்சி.

அப்பா அடுத்த வார லீவு அன்னைக்கு வந்தார். கையில ரெண்டே சாமான். ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டரும் சும்மா தெர்மாமீட்டரும் பக்கத்துப் பக்கத்துல இருக்குற ஒரு பழைய கட்டை, அப்புறம் ஒரு பாக்கெட் ஊதுபத்தி. லேப்டாப்பைத் திறந்து டேஷ்போர்டைக் காட்டப் போனேன். "அது இருக்கட்டும்"னுட்டு மாடியில ஊதுபத்தியைக் கொளுத்தி, புகை எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே நடந்தார். ரேக்குக்குப் பின்னாடி ஒரு மூலையில நின்னார். "ஏண்டா, காத்து உள்ள வர்ற வழிய மூணு மாசமா பாத்தீங்க. திரும்பிப் போற வழிய யாராச்சும் பாத்தீங்களா?"

ரிட்டர்ன் கிரில். சேலைப் பெட்டி அடுக்கி அடுக்கி முக்கால்வாசி மறைஞ்சிருந்தது. ரூம்ல இருந்து சூடான காத்து வெளிய போனாத்தான் குளிர்ந்த காத்து உள்ள வரும். நாங்க மூணு மாசமும் ஒரு வாசலை மட்டும்தான் அளந்துக்கிட்டு இருந்திருக்கோம்.

அன்னைக்குத்தான் அவர் வேலை என்னன்னு எனக்குப் புரிஞ்சது. நூற்பாலையில ஸோன் புதுசு இல்ல. கார்டிங்ல ஈரப்பதம் 50-55 சதவீதம் இருந்தா நல்லது. ரிங் ஃப்ரேம்ல 55-60. கோன் சுத்துற இடத்துல 60-65. காஞ்சு போனா பஞ்சு பறக்கும், நூல் அறும். ஈரம் கூடினா ரோலர்ல சுத்திக்கும். தண்ணியைத் தூவிக் காத்தைக் கழுவி, ஃபேன்ல மேல இருந்து அனுப்பி, மெஷினுக்கு அடியில தரையில இருக்குற ட்ரெஞ்ச் வழியா திரும்ப இழுத்து, பஞ்சை ஃபில்டர்ல பிடிச்சு, மறுபடி கழுவணும். அப்பா இருக்குற மில்லுல ஒரு தடவை ரிங் ஃப்ரேம் ஷெட்டோட கடைசியில கோன் மெஷினைக் கொண்டுவந்து வச்சிருக்காங்க. மேல காத்து வர்ற வாய் ரெண்டைக் கூட்டிப் பார்த்தும் ஈரம் நிக்கல. நடுவுல தடுப்பு போட்டு, அந்தப் பக்கத்து ட்ரெஞ்சுக்குத் தனி டாம்பர் வச்ச பிறகுதான் சரியாச்சுன்னார். இருக்குற பிளான்ட்ல புது ஸோன் சேக்கிறது. என் ப்ராஜெக்ட் டைட்டிலை அவர் நான் ஸ்கூல் படிக்கும்போதே செஞ்சு முடிச்சிருக்கார்.

அப்புறம் எல்லாத்தையும் மறுபடி போட்டோம். இதே மாதிரி ப்ராஜெக்ட் எடுக்கப் போறவங்களுக்காகக் கொஞ்சம் விவரமா சொல்றேன்.

டாம்பரை முழுசா மூட விடாதீங்க. 20 சதவீதத்துக்குக் கீழ போகாதபடி ஒரு தடை வச்சோம். அந்த மெஷின்ல 5.5 டன் கம்ப்ரஸர் ரெண்டு இருக்கு. ஒரு இடம் மட்டும் கேட்டா ஒண்ணு மட்டும் ஓடினா போதும். ஒண்ணுக்கு வேண்டிய காத்து 2,200. மாடி முழுசா திறந்தா 1,700, கீழ்த்தளம் 2,200-ல ஐந்துல ஒரு பங்கு 440, அண்ணாச்சி ரூம் 500-ல 100. கூட்டினா 2,240. இந்தக் கணக்கை அப்பா பால்பாயின்ட் பேனாவால ஊதுபத்தி பாக்கெட் பின்னாடி போட்டார். அந்த அட்டையை நான் பத்திரமா வச்சிருக்கேன்.

ஃபேன் மோட்டாருக்கு விஎஃப்டி போட்டு, வேகத்தைப் பாதிக்குக் கீழ விடாம நிறுத்தினோம். ஏட்டுக் கணக்குப்படி ஃபேன் பாதி வேகத்துல ஓடினா அதுக்கு எட்டுல ஒரு பங்கு பவர் போதும். காயில் மேல ஒரு சென்சார் வச்சோம். 3 டிகிரிக்குக் கீழ போனா கம்ப்ரஸர் நிக்கும், ஃபேன் மட்டும் ஓடும். மிச்சக் காத்தை ரிட்டர்னுக்கே திருப்பிவிடுற பைபாஸ் டக்ட் போடலாமான்னும் யோசிச்சோம். ஏற்கெனவே குளிர்ந்த காத்தையே திருப்பிக் கொடுத்தா காயில் இன்னும் குளிரும்னு அதை விட்டுட்டோம். பெட்டிகளை நகர்த்தி ரிட்டர்னைத் திறந்தோம். அதுக்குச் செலவு ஒண்ணும் இல்ல. பலன்ல பாதி அதுலயே வந்துச்சு.

கடைசியா தெர்மோஸ்டாட். அண்ணாச்சி ரூம்ல இருக்கட்டும், அவர் ரூமுக்கு மட்டும். மாடிக்குத் தனியா ஒண்ணு. சென்சாரை வெயில் படுற சுவத்துல மாட்டாம, நடுத் தூண்ல, நிக்கிற ஆளோட நெஞ்சு உயரத்துல வச்சோம். அதுல ஒரு சின்ன திருகு. அந்த அக்கா ஒரு டிகிரி கூட்டலாம், ஒரு டிகிரி குறைக்கலாம். அண்ணாச்சி இதுக்கு லேசுல ஒத்துக்கல. "ஆளுக்கு ஆள் திருகினா என்ன ஆகுறது?"ன்னார். 2020-ல இருந்து புது ரூம் ஏசிகள் 24 டிகிரியிலதான் ஆரம்பிக்கணும்னு அரசாங்கம் விதி போட்டிருக்கு, ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு அவங்களே சொல்றாங்கன்னு கைடு மேடம் எடுத்துச் சொன்னாங்க. அவருக்கு 6 சதவீதம் புரிஞ்சது.

எனக்கு வேற ஒண்ணு மனசுல ஓடுச்சு. கடையில நிக்கிறவங்களுக்கு உக்கார இருக்கை கொடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டம் திருத்தினதே 2021-லதான். எத்தனை வருஷம் நின்னிருக்காங்க. மில்லுல நூலுக்கு எவ்வளவு ஈரம் வேணும்னு சதவீதம் போட்டு வச்சிருக்கோம். அந்த ஈரத்துலயும் சூட்டுலயும் எட்டு மணி நேரம் நடக்குறவங்களைப் பத்தியும் 1948 தொழிற்சாலைச் சட்டம் பேசியிருந்துச்சு. 13-வது பிரிவு காத்தோட்டமும் வெப்பநிலையும், 15-வது பிரிவு செயற்கையா ஈரப்படுத்துறது. படிச்சுப் பார்த்தேன். அப்பாகிட்ட சொன்னேன். "தெரியும், நோட்டீஸ் போர்டுல இருக்கு"ன்னார். அவர் ஷிப்ட் முடிஞ்சு வரும்போது சட்டை முதுகுல ஒட்டியிருக்கும். அது வேர்வைன்னுதான் இத்தனை வருஷம் நினைச்சேன். பாதி நாசில் தண்ணியாம்.

இப்ப சாயங்காலம் 4 மணிக்கு மாடி 27, கீழ்த்தளம் 26, அண்ணாச்சி ரூம் 25. ரிப்போர்ட்ல இந்த மூணு நம்பரும் கிராஃபா இருக்கு.

போன வாரம் போர்டைச் சரிபாக்கக் கடைசியா ஒரு தடவை போனேன். மாடியேறினதும் கை போனுக்குப் போச்சு. வெளிய எடுக்காம, "காத்து வருதாக்கா?"ன்னு கேட்டேன்.

"வருது தம்பி, நல்லா இருக்கு"ன்னாங்க. அப்புறம் ரேக்குக்குப் பின்னாடி கை காட்டினாங்க. "அந்த மூலையில ஒரு பிள்ளை உக்காந்து சேலைக்கு ஃபால்ஸ் தைக்குதுல்ல, அங்கதான் வர மாட்டேங்குது. மிஷின் சூடு வேற, ஜன்னல் வெயில் வேற."

போய் நின்னு பார்த்தேன். ஆமா. எங்க மூணு வட்டத்துல ஒண்ணுலயும் அந்த மூலை இல்ல. அங்க டக்ட்டே கிடையாது. அந்தப் பொண்ணு தலையைத் தூக்காம தைச்சுக்கிட்டு இருந்துச்சு. கையில வச்சுப் பார்த்த தெர்மாமீட்டர் 30.5 காட்டிச்சு.

ஜூனியர்ஸ், அடுத்த வருஷம் ப்ராஜெக்ட் டைட்டில் தேடுறவங்க யாராச்சும் இருந்தா எங்களைக் கேளுங்க. கடை அட்ரஸ், டாம்பர் டிராயிங், கோட் எல்லாம் தர்றோம். அண்ணாச்சிகிட்ட சொல்லி வச்சாச்சு. போகும்போது ஊதுபத்தி வாங்கிட்டுப் போங்க.